பெண் கேட்கப் போனவள்

3 நவம்பர் 2024, ஞாயிறு

குளியலறை வேலை முடிந்தது. இரண்டாம் தடவையாக. போன கிழமை ஜன்னலுக்குக் கீழே ஒரு வரி இரண்டு மில்லிமீட்டர் சரிந்திருந்தது. மட்டம் வைத்துக் காட்டினேன். வேறு ஒருவன் என்றால், "ஆருக்கு அன்ரி தெரியப்போகுது" என்றிருப்பான். டைல்ஸ் போடுகிற சுஜீதன் அப்படி இல்லை. பதினொரு டைல்ஸையும் உடைத்தெடுத்துத் திரும்பப் பதித்தான். இன்று முழங்கால் நோவையும் பார்க்காமல் குனிந்து பார்த்தேன். பிழை இல்லை.

வழக்கம்போல் பின்கதவடியில் நீலக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தேன். படியில் இருந்து குடித்தான். வெளிக்குழாயில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். ஒழுங்கான பெடியன்.

10 நவம்பர்

சுஜீதன் வேலைச் சாமான் பெட்டி இல்லாமல் வந்தான். கூடவே ஒரு பெண். மோனிகா. லிட்கம்மில் முதியோர் இல்லத்தில் வேலை. ஊர் உத்தரப் பிரதேசத்தில் மோதிகஞ்ச் என்ற சின்னப் பட்டணம். இரண்டு வருடப் பழக்கமாம். தோட்டத்தில் நின்றபடியே கதைத்தோம்.

பெண்ணின் தகப்பன் மறுக்கவில்லை. ஒன்றுதான் சொல்லியிருக்கிறார்: பெரியவர் ஒருவர் நேரில் வந்து கேட்கவேண்டும், போனில் கேட்டு முடிக்கிற கல்யாணம் எங்கள் வீட்டில் இல்லை. நியாயமான பேச்சு.

ஆனால் சுஜீதன் 2012இல் அகதியாகப் படகில் வந்தவன். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக விசா. வெளியே போனால் திரும்பி வரமுடியாது. தாய் செத்ததையே போனில்தான் பார்த்தவன். தகப்பன் முன்னமே இல்லை. ஊரில் இவனுக்காகப் போக ஒரு சீவன் இல்லை.

என்னைப் போகச் சொல்லிக் கேட்கவில்லை. "விக்னராஜா அங்கிளிட்ட ஒருக்கா சொல்லுவீங்களோ அன்ரி?" அவ்வளவுதான். கோயில் சபையில் இருக்கிற மனிதர், சொன்னால் எடுபடும் என்று நினைத்திருக்கிறான்.

12 நவம்பர்

குவேக்கர்ஸ் ஹில்லுக்கு யோகா வீட்டுக்குப் போனேன். என் கணவரின் தங்கை, விக்னராஜாவின் மனைவி. விஷயத்தைச் சொல்லி முடிக்கமுன்னமே விக்னராஜா கையை உயர்த்தினார்.

"விசா இல்லாத பெடியனுக்கு நான் என்னெண்டு போய்ப் பெண் கேக்கிறது? இண்டைக்கு நிக்கிறான். நாளைக்குப் பிளேனில ஏத்தினா ஆர் பதில் சொல்றது?"

"ஆரின்ர ஆக்கள் எண்டும் தெரியாது," என்றாள் யோகா.

"அப்ப நான் போறன்," என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நானே என்னைப் பார்த்தேன் என்றுதான் சொல்லவேண்டும். யோகா மெதுவாகத் தொடங்கினாள்: "அதுக்கில்லை மச்சாள், நல்ல காரியத்துக்கு நீங்கள் முதலாளாப் போய்..."

"முடி. வசனத்தை முடி யோகா."

முடிக்கவில்லை. கேக் வேணுமோ என்று கேட்டாள்.

அவர் போய் ஒன்பது வருடம். ஒன்பது வருடமாக எல்லா வீட்டுக் கல்யாணத்துக்கும் வேளைக்குப் போய்ப் பின்வரிசையில் இருந்து எழும்பி வருகிறேன். ஆரும் அங்கே இருக்கச் சொல்லவில்லை. முன்னுக்கு வரவும் சொல்லவில்லை. இனிக் காணும், போதும்.

13 நவம்பர்

மெல்பேர்ணிலிருந்து மிருணாளினி. "அம்மா, ஆர் யூ சீரியஸ்? டைல்ஸ் போட வந்த ஆளுக்காகவா?" எழுபத்தாறு வயது, முழங்கால், காப்புறுதி, டெல்லிப் புகை — வரிசையாகச் சொன்னாள். முழங்கால் இரண்டும் சரியில்லை, மூளை சரி என்றேன்.

2 டிசம்பர்

டிக்கெட் எடுத்தாயிற்று.

15 ஜனவரி 2025, மோதிகஞ்ச்

டெல்லியிலிருந்து ஐந்து மணித்தியாலம் என்றார்கள். மூடுபனியில் எட்டானது. மோனிகாவின் தங்கை கிரிஜா வாடகைக் கார் கொண்டு விமான நிலையத்துக்கே வந்திருந்தாள். இங்கே ஒரு கொன்வென்டில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். ஆங்கிலம் பரவாயில்லை. வினைச்சொல்லில் கவனம் போதாது.

பட்டணத்துக்கு ஒரே தெரு. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீனி ஆலை வாசல்வரை நிற்கின்றன. சாரதிகள் வண்டிக்கு அடியிலேயே நெருப்பு மூட்டிக் குளிர்காய்கிறார்கள். காற்றெல்லாம் பாகு காய்ச்சுகிற மணம். நாலு மணிக்கு ஆலையின் சங்கு ஊதியபோது கோப்பையைக் கைதவற விடப் பார்த்தேன். மோனிகாவின் அப்பாவுக்கு அங்கேதான் வேலை. முப்பத்தொரு வருடமாக எடைமேடைக் குமாஸ்தா. வண்டியைப் பார்த்தாலே எத்தனை குவிண்டால் என்று சொல்வாராம். மெலிந்த, நிமிர்ந்த மனிதர். என்னைப் பார்த்துக் கைகூப்பினார். கதிரை போட்டார்கள். காலுக்குப் பஞ்சு மெத்தை. தாய் என் கையைப் பிடித்துத் தேய்த்துச் சூடாக்கினாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஒன்று உண்டு. முற்றம் கூட்ட வருகிற பெண்ணுக்கு மதில் பொந்தில் தனியாக ஒரு கிளாஸ் வைத்திருக்கிறார்கள். அவளே அதை எடுத்து நீட்ட, தாய் மேலிருந்து தேத்தண்ணி ஊற்றுகிறாள். இந்தக் காலத்திலும்! பார்க்காதது போல் இருந்தேன்.

16 ஜனவரி

தாய் என்னை "மௌசி, மௌசி" என்கிறாள். அது என்ன என்று கிரிஜாவிடம் கேட்டேன். முகம் சிவந்தது. தாயின் சகோதரியாம். நான் சுஜீதனின் பெரியம்மா என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள்!

"அப்படிச் சொல்லாவிட்டால் அப்பா உங்களை வரச்சொல்லியே இருக்கமாட்டார் மேடம்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் நீங்கள் வந்திருக்கமாட்டீர்கள்."

இரண்டும் உண்மை. அதனால்தான் இன்னும் கூடக் கோபம் வந்தது.

பின்னேரம் சுஜீதனுக்குப் போன் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். "பெரியம்மா எண்டே விடுங்கோவன் அன்ரி. எனக்கும் ஆரும் இல்லைத்தானே."

நாளைக்குப் பேசுவோம் என்று வைத்துவிட்டேன்.

ஒரு சொல். அதைச் சொன்னால் காரியம் முடிந்தது. ஆரும் வந்து இரத்தம் எடுத்துப் பார்க்கப்போவதில்லை. சின்ன வயதில் கொன்வென்டில் பொய்க்கு மதியம்வரை முழங்காலில் நிறுத்தினார்கள், அந்தப் பயமா? இல்லை. பயமென்றால் பயம் என்றே இங்கே எழுதியிருப்பேன். பின்னே என்ன? பொய் சொல்ல மனமில்லையா, அல்லது அவனுக்குப் பெரியம்மாவாக இருக்க மனமில்லையா?

என்ன கேள்வி இது. நித்திரை கொள்ளவேணும்.

17 ஜனவரி

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மோனிகாவின் அப்பாவை இருக்கச் சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னேன், ஒவ்வொரு வசனமாக. நான் சுஜீதனுக்கு உறவில்லை. என் குளியலறைக்கு டைல்ஸ் போட்டவன். தாய் தகப்பன் இல்லை. அவனால் நாட்டைவிட்டு வெளிக்கிட முடியாது. அவனுக்காகக் கேட்க ஆளில்லாததால் நான் வந்தேன்.

கிரிஜா ஹிந்தியில் நாலு சொல் சொன்னாள். தகப்பன் சிரித்துத் தலையாட்டினார்.

"கிரிஜா, நான் ஐந்து வசனம் சொன்னேன். நீ ஒன்று சொன்னாய். எல்லாவற்றையும் சொல்."

"மேடம், ப்ளீஸ்."

"எல்லாவற்றையும்."

சொன்னாள். தாய் கையிலிருந்த தட்டை நிலத்தில் வைத்தாள். தகப்பன் மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவனை நாளைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களா?"

"அனுப்பலாம். அனுப்பமாட்டார்கள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்."

"என்ன சாதி?"

"நான் கேட்டது டைல்ஸ் நேராக வருமா என்று. அது வந்தது." பதினொரு டைல்ஸின் கதையைச் சொன்னேன்.

"எவ்வளவு சரிவு?"

"இரண்டு மில்லிமீட்டர்."

அது அவருக்குப் பிடித்தது. கண்ணில் தெரிந்தது. வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

"உங்கள் வீட்டில் எத்தனை நாள் வேலை செய்தான்?"

"பத்தொன்பது நாள்."

"எங்கே இருந்து சாப்பிட்டான்?"

கிரிஜா மொழிபெயர்த்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்கதவடியில்."

"கதிரையிலா?"

"படியில்."

"நீங்கள் குடிக்கிற கோப்பையிலா?"

சீமெந்துக் கை என்று சொல்ல வாயெடுத்தேன். மதியம் கை கழுவித்தானே சாப்பிட்டவன். சொன்னேன்: "இல்லை. அவனுக்கென்று ஒன்று."

அவர் மெதுவாகச் சொன்னதைக் கிரிஜா இன்னும் மெதுவாகச் சொன்னாள்: "அவனை இருத்துகிற இடத்தில்தான் என் மகளும் இருப்பாள்."

ஆத்திரம். ஆர் இவர்? ஆரைப் பார்த்து ஆர் கேட்கிறது? மதில் பொந்தைக் கைகாட்டினேன். "அப்ப அந்தக் கிளாஸ் ஆருக்கு? அதைக் கேள் கிரிஜா. வடிவாக் கேள்."

கிரிஜா கேட்கவில்லை. கேட்கவும் தேவைப்படவில்லை. அவர் பொந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு ஆலைக்குப் போனார். மத்தியானம் சாப்பிட வரவில்லை.

யோகாவுக்கு ஏன்தான் எழுதினேனோ. உடனே பதில்: பெரியம்மா எண்டே சொல்லியிருக்கலாமே மச்சாள்.

18 ஜனவரி

புறப்பட்டேன். மோனிகாவின் அப்பா கார்வரை வந்து ஒரு பொட்டலம் வெல்லம் தந்தார். இன்னும் சூடு.

"என்ன பதில்?" என்று கேட்டேன்.

போனில் சொல்வாராம். போனில் கல்யாணம் பேசாத மனிதர்! என்ன சொல்வார் என்று கேட்டேன்.

"சொல்லமாட்டார், கேட்பார்," என்றாள் கிரிஜா. "நேற்றுக் கேட்டதையே."

கிளாஸ் பொந்திலேயே இருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

21 ஜனவரி, நோர்த்மீட்

வீட்டுக்கு வந்தாயிற்று. வெயில் முப்பத்தெட்டு. முழங்கால் வீக்கம். நான் ஒருவருக்கும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. பத்தொன்பது நாளும் நேரத்துக்குத் தேத்தண்ணி கொடுத்தேன், மத்தியானம் சோறு கொடுத்தேன், மரக்கறியோடு. இந்த வீதியில் வேறு ஆர் கொடுத்தது?

22 ஜனவரி

நீலக் கோப்பை வெளிக்குழாயடியில் கவிழ்ந்தபடியே இருந்தது. உள்ளே கொண்டுவந்து, அதில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். விளிம்பு உடைந்திருக்கிறது. உதட்டில் குத்துகிறது. எனக்கு இது தெரியாது.

2 பெப்ரவரி, ஞாயிறு

சுஜீதனை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லியிருந்தேன். பின்பக்கத்தால் வந்து நின்றான். "முன்கதவால வா," என்று பின்கதவைச் சாத்தினேன். சுற்றிக்கொண்டு வந்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சாப்பாட்டு மேசையைப் பார்த்தபடி, "எந்தக் கதிரை அன்ரி?"

நாலு கதிரையும் வெறுமைதான். "எதிலயும் இரு." என் கணவரின் கதிரையில் இருந்தான். அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

சோறு போட்டேன். கடைசியில் கேட்டேன்: "நீலக் கோப்பையைப் பற்றி ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "டைல்ஸ் சரிஞ்சது என்ர பிழை அன்ரி, நான் உடைச்சுத் திரும்பப் போட்டன். இது என்ர பிழை இல்லைத்தானே. நான் என்னெண்டு சொல்றது?"

தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். 

9 பெப்ரவரி

வந்தான். மோனிகாவும்.

16 பெப்ரவரி

வரவில்லை. வேலையாம். பிளக்டவுனில் ஒரு வீட்டுக் குசினிக்கு டைல்ஸ். உண்மையாகவே வேலையா? மூன்று பேருக்குச் சமைத்தது கிடந்தது. பிடிவாதம் என்றால் எனக்கும் உண்டு. அடுத்த ஞாயிறு பத்து மணிக்கே போன் எடுத்து எழுப்புவேன்.

2 மார்ச்

யோகா சொல்லாமல் வந்துவிட்டாள். மேசையில் அவனைக் கண்டதும் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. "இது அண்ணாவின்ர கதிரை எல்லே?"

சுஜீதன் பாதி எழும்பிவிட்டான்.

"இரு," என்றேன் அவனுக்கு. "உனக்கும் கதிரை கிடக்கு யோகா. இருந்தால் சாப்பிடலாம்."

நின்றாள். இருந்தாள். ஒரு கரண்டி சோறு மட்டும் போடச் சொன்னாள். இரண்டாம் தரம் தானே போட்டுக்கொண்டாள்.

23 மார்ச், ஞாயிறு

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மோனிகாவின் போன் அடித்தது. தகப்பன். என்னோடு பேசவேண்டுமாம். கிரிஜாவின் குரல் பக்கத்தில்.

"எங்கே இருந்து சாப்பிடுகிறான்?"

"மேசையில்."

"எத்தனை தரம்?"

"ஏழு. ஒரு ஞாயிறு வரவில்லை."

"ஏன் வரவில்லை?"

"வேலை என்றான். நான் நம்பவில்லை."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்து இன்றைக்குத்தான் கேட்கிறேன். கரும்புக் காலம் முடிந்ததும் மே மாதம் மனைவியோடு வருகிறாராம். நாள் பார்க்கச் சொன்னார். தாலி எடுத்துக் கொடுக்கிற ஆள் நான்தானாம், கேட்க வந்த கை அது என்று. யோகாவுக்கு நானே சொல்லவேண்டும். சொல்லும்போது அவளின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

"அந்தக் கிளாஸ்?" என்று கேட்டேன். மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை போலும்.  மே மாதம் பேசுவோம் என்றார். பேசத்தான் போகிறேன். அவர் வந்து என் கதிரையைப் பார்க்கட்டும், நான் விடப்போவதில்லை.

போனை வைத்துவிட்டு வந்தால் மோனிகா அழுகிறாள். சுஜீதன் கைகழுவப் போனவன் குழாயைத் திறந்துவிட்டபடியே நிற்கிறான். தண்ணி வீணாகுது என்று சத்தம் போட்டேன். வந்து இருந்தான். நாலு வாய் சாப்பிட்டான். பிறகு நிமிர்ந்து சொன்னான்:

"அன்ரி, சொதிக்கு உப்புக் கூடிப்போச்சு."

மோனிகா மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்த சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தேன்.

கூடத்தான்.