முதலாம் ஆண்டு வகுப்பறையில் எனக்கொரு வீடு

கோபம் ஆறாமலே போய்ச் சேர்ந்த என் அந்தோணி அண்ணனுக்கு,

உன் தங்கை பிலோ எழுதுகிறேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிக்கூடத்துக் கூரை இப்போது ஒழுகுவதில்லை. போன வாரம் அடித்த மழையில் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு சொட்டு இல்லை. புதுத் தகரம் போட்டு, அதன் கீழே வெள்ளைப் பலகை அடித்து, காற்றாடி வேறு மாட்டியிருக்கிறார்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவராக நீ இருந்த காலம் முழுக்க இந்தக் கூரைக்காக எத்தனை கடிதம் எழுதினாய்! லாரி ஓட்டிவிட்டு வந்து, கையில் இருக்கும் கரியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, காகிதத்தில் அழுக்குப் படக்கூடாது என்று அத்தனை கவனமாக எழுதுவாயே. பிள்ளைகள் படித்த வரைக்கும் மேலே ஏறிப் பார்க்கக்கூட ஓர் ஆள் வரவில்லை. பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, பதினைந்து வருடம் கழித்து, சில வாரத்தில் கூரையை மாற்றிவிட்டார்கள். வயிறு எரிகிறது அண்ணே. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. திட்ட வேண்டிய பட்டியலில் என் பெயரும் இருக்கிறதே.

ஆமாம், பள்ளிக்கூடத்தை வீடாக்கிவிட்டார்கள். இவ்வளவு காலமும் பூட்டித்தான் கிடந்தது. பூட்டு இருந்ததே தவிர சன்னல் இல்லை. எவனோ ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். உள்ளே வௌவால். பின்பக்கம் லாலான் புல் ஆள் உயரம். திடீரென்று வீடில்லாதவர்களுக்கு வீடு என்று ஒரு திட்டம் வந்தது. ஆறு வகுப்பறைக்கும் குறுக்கே சுவர் எழுப்பினார்கள். முன்னால் கூடம், பின்னால் ஒரு படுக்கை அறை, ஓரத்தில் குசினி. தலைமையாசிரியர் அறை ஒரு வீடு, கேண்டீன் ஒரு வீடு. காலையில் பிள்ளைகள் சபை கூடிய இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. கேண்டீன் வீட்டுக்காரி கொடிக்கம்பத்தில் ஒரு முனையைக் கட்டித் துணி காயப்போடுகிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், வெயில் அங்கேதான் நன்றாக அடிக்கிறது.

எனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்பாய். சிலிபினில் வாடகை அறையில் இருந்தேன். வீட்டுக்காரர் விற்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் பழைய தோட்டக் குடும்பங்களுக்கு முதல் உரிமை என்று கேள்விப்பட்டு மனு போட்டேன். தோட்டத்தில் இருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். என்னத்தைக் காட்டுவது? தோட்டம் கைமாறிவிட்டது. நாம் குடியிருந்த லயத்தை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். பால் வெட்டிய கித்தா மரம் இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை. தோட்டத்து ஆபீஸ் காகிதம் எந்தக் குப்பையில் மக்கியதோ. கடைசியில் மிஞ்சியது பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு ஒன்றுதான். அதில் பெயர் இருந்தால் தோட்டத்து ஆள். என் பெயர் இருந்தது. நான் அங்கே படித்தவள்தானே. என் பிள்ளைகள் பெயர் இருக்காது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எந்த வீடு யாருக்கு என்று குலுக்கல் போட்டார்கள். எனக்கு விழுந்தது முதலாம் ஆண்டு வகுப்பறை.

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த வீடமைப்பு ஆபீஸ் பெண், "அக்கா, அதுதான் லா நல்ல எடம். மூல வீடு, காத்து வரும். ஏன் இப்படி மொகம் செத்துப் போச்சு?" என்றாள்.

பள்ளியை மூடுவதா வேண்டாமா என்று நடந்த அந்தக் கூட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. கல்வி இலாகாவிலிருந்து ஆள் வந்திருந்தார். அடுத்த வருடம் முதலாம் ஆண்டில் பிள்ளைகள் இருந்தால் பள்ளியை விட்டுவைப்போம், இல்லையென்றால் உரிமத்தை ஈப்போ பக்கம் புது வீடமைப்புப் பகுதிக்கு மாற்றிவிடுவோம் என்று முன்பே சொல்லிவிட்டிருந்தார்கள். நீ வீடு வீடாக ஏறி இறங்கி மூன்று பிள்ளைகளைப் பிடித்துவிட்டாய். ஒன்று மளிகைக்கடைத் தனத்தின் மகள். மற்ற இரண்டும் என் இரட்டைப் பிள்ளைகள், ஜெரோமும் ஜஸ்டினும். அவர்களுடைய சூராட் பெரானாக் நகலை நானே உன் கையில் கொடுத்தேன். "பிலோ, இது போதும்டி, பள்ளிக்கூடம் பொழைச்சிரும்" என்று சொல்லி, நீ அந்தப் பிறப்புச் சான்றிதழ்களைச் சட்டைப்பையில் வைக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப்போனாய்.

அதே வாரம் நான் டவுனுக்குப் போய் இரண்டு பேரையும் சீனப் பள்ளியில் பதிந்துவிட்டு வந்தேன். உன்னிடம் மூச்சு விடவில்லை.

கூட்டத்தில் அந்த ஆபீசர் கோப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இந்த ரெண்டு பேரும் வேற ஸ்கூல்ல டஃப்தார் பண்ணியாச்சே" என்றார். நீ சிரித்தாய். "அது தப்பா இருக்கும் துவான். என் சொந்தத் தங்கச்சி புள்ளைங்க லா" என்றாய். சிரித்த முகத்தோடேயே என் பக்கம் திரும்பினாய். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

பிறகு அவர் கேட்டாரே ஒரு கேள்வி: "சரி, கமிட்டியில இருக்கறவங்க புள்ளைங்க எல்லாம் எங்க படிக்கிறாங்க?" யார் வாயைத் திறந்தார்கள்? செயலாளர் மாணிக்கத்தின் மகள் டவுனில் கான்வென்ட். பொருளாளர் மகன் மலாய்ப் பள்ளி. தமிழ்ப்பள்ளி வேண்டும் என்று பலகை பிடிப்போம், மறியல் செய்வோம், பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொள்வோம். காலையில் நம் பிள்ளையை மட்டும் வேறு வேனில் ஏற்றிவிடுவோம். அன்றைக்குப் பொய்யன் என்று பெயர் வாங்கியது நீ ஒருவன்தான். உன் பிள்ளை மட்டும்தான் அந்த ஒழுகிய கூரைக்குக் கீழே ஆறு வருடமும் படித்தது.

வெளியே வந்து நீ கேட்டாய்: "ஏன் பிலோ, முடியாதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

தப்பு செய்தவளுக்குத்தானே வாய் நீளம். "ஒழுவுற கூரைக்குக் கீழ எம்புள்ளைங்க ஒக்காரணுமா? ஒனக்குத் தலைவர் பதவி வேணும்னா எம்புள்ளைங்கள ஏன் இழுக்கற?" என்று கேட்டேன். நீ லாரியை எடுத்துக்கொண்டு போனவன் போனவன்தான், அப்புறம் என் வீட்டுப் படி ஏறவில்லை. நீயும் லேசுப்பட்ட ஆளா? நாலு அறை கொடுத்திருக்கலாம். தெருவில் நின்று திட்டியிருக்கலாம். சும்மா இருந்தே என்னைச் சாகடித்தாய்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. பிள்ளைகளை அங்கே சேர்த்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஜெரோம் ஈப்போவில் டைல்ஸ் கடையில் இருக்கிறான், மாண்டரின் பேசுவதால்தான் எடுத்தார்கள். ஜஸ்டின் சிங்கப்பூரில் நல்ல வேலை. தாய் என்று இருந்தால் பிள்ளைக்கு நல்லது எது என்று பார்க்கத்தான் செய்வாள். அந்த ஓட்டைக் கூரையை அன்றைக்கே மாற்றிக் கொடுத்திருந்தால் எனக்கும் வேறு புத்தி வந்திருக்குமோ என்னவோ. ஆனால் உன்னிடம் முடியாது என்று சொல்லும் தைரியம் இல்லாமல், நகலையும் கொடுத்து, உன்னை அந்த ஆபீசர் முன்னால் நிறுத்தி அசிங்கப்படுத்தினேனே, அதற்கு என்ன சமாதானம் சொன்னாலும் ஒட்டாது.

சாவி கொடுக்கும் விழாவுக்கு நம் தொகுதியில் ஜெயித்த ஒய்.பி. வந்தார். மேளம், மாலை எல்லாம் உண்டு. பள்ளிக்கூடம் இருந்தபோது ஆண்டு விழாவுக்கு அழைத்தால் வராதவர்கள் அத்தனை பேரும் முன் வரிசையில் இருந்தார்கள். மாணிக்கம் ஒலிவாங்கியைப் பிடித்தார். "அந்தோணி அண்ணன் கடைசி மூச்சு வரைக்கும் இந்தப் பள்ளிக்காகப் போராடுனாரு. நாங்க எல்லாரும் அவருக்குத் தோள் குடுத்தோம்!" தோள் கொடுத்தாராம் தோள்! கை தட்டினார்கள். அதோடு விட்டாரா, "அவரோட தங்கச்சி ரெண்டு வார்த்த பேசுவாங்க" என்று என்னை இழுத்துவிட்டார்.

இந்த மாணிக்கத்தை அந்த மேடையிலேயே நார் நாராகக் கிழித்துவிடலாம் என்றுதான் ஏறினேன். எங்கே கிழிப்பது? அவர் சொன்னது பொய் என்றால் நான் செய்தது என்ன? "எங்க அண்ணன் இருந்திருந்தா ரொம்ப சந்தோஷப்படுவாரு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அதற்கும் கை தட்டினார்கள்.

கல்லறைத் திருநாளுக்குப் பத்து காஜாவில் உன் கல்லறைக்கு வந்திருந்தேனே, பார்த்தாயா? அண்ணி பாரிட் புந்தாரிலிருந்து மகளோடு வந்திருந்தார்கள். மெழுகுவர்த்தி ஏற்றி முடித்ததும், வீடு கிடைத்ததைச் சொன்னேன். எந்த அறை என்பதையும் சொன்னேன். அண்ணி புல் பிடுங்குவதை நிறுத்தவில்லை. "நல்லது லா பிலோ. ஒனக்காவது அந்தப் பள்ளிக்கூடம் ஒதவுச்சே" என்றார்கள். குத்திக்காட்டினார்களா, மனதாரச் சொன்னார்களா? இரண்டுமாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் ஊர் வாய். நான் உனக்கு எழுத உட்கார்ந்த காரணம் வேறு.

குடிபோன அன்றைக்கு ஜெரோமும் ஜஸ்டினும் வந்து பிரிட்ஜைத் தூக்கி வைத்தார்கள். வேலை முடிந்து தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது ஜஸ்டின் சொன்னான்: "மா, மாமாவுக்கு எங்கள கண்டாலே ஆவாது. சீன ஸ்கூல்ல சேந்துட்டோம்னு கடைசி வரைக்கும் பேசல. இப்ப அவரு ஸ்கூல்லயே வந்து ஒக்காந்திருக்கோம். பாத்தாருன்னா கத்துவாரு லா!" இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் குசினிக்குப் போய்விட்டேன்.

அவர்களுக்கு அப்படித்தான் தெரியும் அண்ணே. நான் அப்படித்தான் சொல்லி வளர்த்தேன். மாமா ஏன் வருவதில்லை என்று சின்ன வயதில் கேட்டபோது, "அவருக்குப் பிடிவாதம், நீங்க தமிழ் படிக்கலன்னு கோவம்" என்றேன். நீ ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் இரண்டு பேருக்கும் ஒரே நிறத்தில் சட்டை எடுத்து அண்ணி கையில் கொடுத்தனுப்புவாயே, அதைக்கூட "அத்தை குடுத்தாங்க" என்று சொல்லித்தான் போட்டுவிட்டேன். மாமா கொடுத்தார் என்றால், பாசம் இருக்கிறவர் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். கேட்டால் அந்தப் பிறப்புச் சான்றிதழ் கதையைச் சொல்ல வேண்டி வரும். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, உன்னைப் பிள்ளைகளை வெறுத்த மாமனாக்கிவிட்டேன். உன் அடக்கத்துக்கு இரண்டு பேரும் வேலையைச் சாக்குச் சொல்லி வரவில்லை. வா என்று நானும் வற்புறுத்தவில்லை. பெட்டியைத் தூக்க அக்கம்பக்கத்தார்தான் கை கொடுத்தார்கள்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். மாணிக்கம் படிக்கட்டும், கமிட்டியில் இருந்த எல்லாரும் படிக்கட்டும். என் முகத்தில் காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்கிறேன். படிக்க வேண்டிய இரண்டு பேரால் மட்டும் இதைப் படிக்க முடியாது. என் பிள்ளைகளுக்குத் தமிழில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது அண்ணே.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கிறிஸ்மசுக்கு ஜஸ்டின் வருகிறான். ஜெரோமையும் கூப்பிட்டு, இரண்டு பேரையும் இந்த அறையில் உட்கார வைத்து, இதை முதல் வரியிலிருந்து நானே வாசிப்பேன். சட்டை யார் எடுத்தது என்பதையும் வாசிப்பேன். நடுவில் கோபப்பட்டு எழுந்து போனாலும் விடமாட்டேன். பின்னாலேயே வாசல் வரைக்கும் போய் வாசிப்பேன்.

உன்னைப் பொய்யனாக்கிய,
உன் கூடப்பிறந்த ஒரே தங்கை,
பிலோமினா