வெள்ளிக்கிழமை மாத்திரை கிடையாது

என் வாலுப்பெண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் இருக்கிறேன். உன் நலத்தைக் கேட்க வாய் வரைக்கும் வருகிறது, விழுங்கிக்கொள்கிறேன். எழுத்துப் பிழைக்குச் சிரிக்காதே.

நீ கண்ணை மூடிய பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. உன் செருப்பு என்னையே பார்க்கிறது. அதனால் வேலைக்குப் போகிறேன். ஊர்ச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் பண்ணித் திரும்பக் குடிக்க அனுப்புகிற இடம். ஜனங்கள் சாப்பிடும் மருந்தெல்லாம் உடம்பு வழியாக அதில் வந்து சேருமாம். கடைசியில் ஊதா விளக்குகளைத் தாண்டும்போது அந்த வெளிச்சம் மருந்தை உடைத்துவிடுமாம். விளக்கை மூடியிருக்கும் கண்ணாடிக் குழாயில் உப்புப் படிந்தால் வெளிச்சம் இறங்காது. அதைத் துடைக்கிறவள் நான்.

தண்ணீரைச் சோதிக்கிற பெண் போன வாரம் என்னைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, மத்த மருந்தெல்லாம் போயிடுது, ஒண்ணு மட்டும் அடம் பிடிக்குது. நல்லாத்தான் தொடைக்கிறீங்களா, இல்ல வேற ஞாபகமா?” என்றாள். பேரைச் சொன்னாள். நம் வாயில் நுழையாமல் ‘கசப்பன்’ என்று பேர் வைத்தோமே, தொண்டையைத் தடவிவிட்டால்தான் உனக்கு இறங்குமே, அதுதான்.

மருந்துக்கடைக்காரரிடம் ஓடினேன். “உங்க பொண்ணு ஒருத்திக்காகத்தாம்மா அதை வரவழைச்சேன். மிச்சத்தையும் நீங்கதான் திருப்பிக் குடுத்துட்டீங்களே” என்றார்.

நீ இருந்தபோது கலந்த மருந்துதான் பழைய தண்ணீரோடு சுற்றிச்சுற்றி வருகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். நேற்று அந்தப் பெண் சிரிக்கிறாள்: “வெள்ளிக்கிழமை மட்டும் அது வர்றதே இல்லக்கா. யாரோ மாத்திரைக்கு லீவு விடுறாங்க.” துணி என் கையிலிருந்து விழுந்துவிட்டது. உனக்கு வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று டாக்டர் சொன்னது நம் இரண்டு பேருக்கு மட்டும்தானே தெரியும்?

நாளைக்கு இன்னொரு வரிசை விளக்குப் போடுகிறார்கள். அதற்கு எதுவும் தப்பாதாம். அந்தக் குழாய்களையும் நான்தான் துடைத்துக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் அழுக்காகவே விட்டால் நீ வந்துகொண்டே இருப்பாய் என்று மனசு அலைகிறது. ஆனால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கும் இந்தத் தண்ணீரைத்தான் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். நன்றாகவே துடைப்பேன். உன்னைத் துடைப்பதாக நினைத்துக்கொள்ளாதே, தங்கம்.

எங்கே இருந்தாலும் நோய் இல்லாமல் இரு.

உன்னைப் பெற்றவள்.

ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடு. அங்கே உன் தொண்டையை யாரம்மா தடவிவிடுகிறார்கள்?