நானே பார்த்த ஸ்லைடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குட்டியும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். நான் இருக்கிறேன். அப்பாவும் நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை.

போன மாதம் அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் ஆடியது. சொன்னால் சர்க்கரை மாத்திரையை ஏன் விட்டீர்கள் என்று பிடித்துக்கொள்வேன் என்று, எனக்குத் தெரியாமல் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். குழி ஆறாமல் ஓரம் கறுத்துவிட்டது. டாக்டர் துளி சதை வெட்டி எங்கள் லேபுக்கு அனுப்பினார். எங்களுக்கு வருவது நம்பர் ஒட்டிய புட்டிதானே, பெயர் ரிஜிஸ்டரில்தான் இருக்கும். மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்தச் சதையின் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். நாடா மாதிரி அகல அகலமாகப் பூஞ்சை இழைகள், எலும்பைத் தின்றுகொண்டே போகும் ஜாதி. பக்கத்து மேஜைப் பெண்ணிடம், "யாரு பெத்த புள்ளையோ, பாவம். டாக்டருக்கு உடனே போன் போடு" என்றேன். ரிஜிஸ்டரைத் திறந்தவள் போனைத் தொடவில்லை. "மேடம், கொஞ்சம் உக்காருங்க" என்றாள். நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

அன்று மாலையே வலப்பக்க மேல்தாடையை எடுத்துவிட்டார்கள். வெட்டிய ஓரத்தில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்லைடை என்னிடம் தரவில்லை, எங்கள் தலைமை டாக்டர் உள்ளே பார்த்தார், நான் நோயாளி வீட்டுக்காரர்களோடு வாசலில் நின்றேன். இத்தனை வருஷம் அவர்கள் என்னிடம் கேட்டதையே நானும் கேட்டேன். நான் சொல்லும் பதிலையே அவரும் சொன்னார், "ஓரத்துல இன்னும் இருக்கு. மருந்து போகட்டும், பாப்போம்." அந்த மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்தது கண் என்பதும் தெரியும், வியாழக்கிழமை மறுபடி வெட்டுகிறார்கள். தெரிந்து என்ன செய்ய, சொல். ஊசி ஏறும்போது அப்பாவுக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது, நான் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான் என்னால் முடிகிறது. அவர் என்னைப் பார்த்து, மாத்திரையை ஒளித்த பிள்ளை மாதிரி கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார். திட்டக்கூட வாய் வரவில்லை.

எட்டாம் மாதத்தில் நீ பிளேன் ஏற முடியாது, ஏறவும் நினைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, உன் சர்க்கரையையும் ஒரு தடவை பார்த்துவிடு. பேச்சு அவருக்கு வெறும் காற்றாக வருகிறது, நோட்டில்தான் எழுதிக் காட்டுகிறார். நேற்று எழுதியது, பாப்பாவுக்குச் சொல்லாதே என்று. அதனால் போன் செய்யும்போது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, கேள்வி எதுவும் கேட்காதே, நீ பாட்டுக்கு எதையாவது பேசிக்கொண்டே இரு. போனை நான் அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொள்கிறேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

உன்
அம்மா