துடைத்துக் கட்டிய அடுப்பு

வாராஸ்,
ஜூலை மாதக் கடைசி ஞாயிறு

என் கண்ணு நெலிடாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், முழங்கால் வலியைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உன் மாமா தெயோஃபிலோவும் அவருடைய கழுதைகளும் சுகம். அங்கே தொரினோவில் நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் டாரியோவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ பார்த்துக்கொள்ளும் அந்தக் கிழவிக்கு இடுப்பு சரியாயிற்றா, அவளைத் தூக்கும்போது முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு. வாராவாரம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இதைப் போனில் சொல்ல முடியாது, ஆரம்பித்தாலே நீ வைத்துவிடுவாய். கடிதத்தையும் கிழித்துப் போடலாம்தான், ஆனால் எழுத்தைக் கண்டால் கடைசிவரை படிக்காமல் உன்னால் விட முடியாது, சின்னதில் சர்க்கரை மடித்து வந்த காகிதத்தைக்கூட நீ விட்டதில்லை.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். ஆகஸ்டில் மலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம், என்ன அடுப்பு வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். இந்த ஊருக்கு மலையேற வருகிற வெள்ளைக்கார கிரிங்கோக்களுக்கெல்லாம் அடுப்பு வாடகைக்கு விடுகிறவள் நான், என் மகள் எவனோ ஒரு கடைக்காரன் பேச்சைக் கேட்டு ஏமாறக் கூடாது. கோடைக்காலம், மூன்று வயிறு, உங்களுக்கு கேஸ் டப்பாவின் தலையில் திருகி மாட்டுகிற குட்டி அடுப்பே போதும். பாத்திரம் உட்காருகிற கம்பிகள் அகலமாக விரிகிறதா என்று கடையிலேயே வைத்துப் பார், குறுகலாக இருந்தால் சூப்பு மொத்தமும் புல்லுக்குத்தான். திருகின பிறகு சோப்பு நுரையைத் தடவிப் பார், குமிழி வந்தால் கேஸ் கசிகிறது என்று அர்த்தம். டப்பாவில் எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் தண்ணீரில் மிதக்க விடு, நிறைந்தது அமுங்கி நிற்கும், காலியானது மேலே எழும்பிக்கொண்டு ஆடும். கிரிங்கோக்கள் பாதியில் விட்டுப்போகிற டப்பாக்களை நான் வாளியில் போட்டு அப்படித்தான் பிரிக்கிறேன். விடியற்காலைக் குளிரில் அடுப்பு முக்கும், அதனால் டப்பாவைப் போர்வைக்குள் காலடியில் வைத்துக்கொண்டு தூங்குங்கள். காற்று மறைக்கிற தகட்டை டப்பாவைச் சுற்றிக் கட்டிவிடாதே, சூடேறினால் வெடிக்கும்.

மாப்பிள்ளை பெருமைக்காக, பெட்ரோல் மாதிரி பென்சினில் எரிகிற அடுப்பு கேட்பார், ஆண்பிள்ளைகளுக்குப் பம்பு அடிக்கிற எதைக் கண்டாலும் ஆசை. அது பனிமலைக்கு நல்லதுதான், எந்தக் குளிரிலும் எரியும், ஆனால் பற்ற வைக்கிறபோது குப்பென்று ஆளுயரத்துக்கு எழும்பும். பக்கத்துக் கடை சபினா போன மாதம் பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பிப் பம்பு அடித்து, வாடிக்கைக்காரனுக்குக் காட்டுகிறேன் என்று குனிந்தாள், இரண்டு புருவமும் போயிற்று, இப்போது கரிப் பென்சிலால் வரைந்துகொண்டு வருகிறாள், ஒரு நாள் கோபமாக வரைகிறாள், ஒரு நாள் ஆச்சரியமாக. ஸ்பிரிட் அடுப்பும் வேண்டாம், பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது, டாரியோ கையை வைத்துவிடுவான். எதை வாங்கினாலும் கூடாரத்துக்குள் கொளுத்தாதே. மழை பெய்தால் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுங்கள். அடைத்த கூடாரத்தில் அடுப்பு விடுகிற விஷக்காற்றுக்கு வாசமே கிடையாது, தூங்கினவர்கள் தூங்கினபடியே போய்விடுவார்கள்.

மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றி எழுதாமல் விட்டேன் பார், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வைத்துவிடாதே, மேலே படி. போன வாரம் உன் மாமா ஆட்களுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனார். அங்கே பனி இப்போது வருடா வருடம் உள்வாங்கிக்கொண்டே போகிறது, நீ சின்னதில் பார்த்த வெள்ளையெல்லாம் கறுத்த பாறையாகிவிட்டது. கழுதைகளை மேய விட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்க மேலே ஏறினவர், பனி விட்டுப்போன ஓரத்தில் ஒரு முதுகுப்பை கிடக்கிறதைப் பார்த்திருக்கிறார். துணியெல்லாம் நைந்துபோய்க் கையில் எடுத்தால் உதிர்கிறதாம். உள்ளே ஒரு தகரப் பெட்டி, ஒரு எண்ணெய் பாட்டில். அதைக் கொண்டுவந்து என் சமையல்கட்டு மேசையில் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உன் மாமா எங்கள் கல்யாணத்திலேயே தொப்பியைக் கழற்றாதவர். அக்கா, நீயே திறந்து பாரு, எனக்குத் தைரியம் வரல என்றார்.

பித்தளை அடுப்பு, நெலிடா. மூன்று கால், அதில் ஒன்று தகரக் கரண்டியின் காம்பு. உனக்கு நான்கு வயதில் ஏறி உட்கார்ந்து அதன் காலை ஒடித்தவள் நீ, கரண்டியை வெட்டிப் பற்றவைத்து ஒட்டியவர் உன் அப்பா. அடுப்பு நொண்டினாலும் என் மவ ஒடிச்ச அடுப்பு, இதுல வெச்சாத்தான் சூப்பு ருசிக்கும் என்று மலையேறுகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார்.

நடந்ததை உனக்கு ஊர்தான் சொன்னது, நான் சொல்ல நீ விட்டதேயில்லை. அப்போது உனக்குப் பத்து வயது. அப்பா சமையல்காரராகப் போன மலையேறுகிற கூட்டம் புயலில் மாட்டி, மேல் முகாமில் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு இறங்கிவிட்டது. அவர்கள் லிமாவுக்கு பஸ் ஏறிவிட்டார்கள். அப்பா மட்டும், அடுப்பு என்னோடது, அடுப்பில்லாத சமையக்காரன அடுத்த வருஷம் எவன் கூப்பிடுவான், எடுத்துக்கிட்டு நாளன்னைக்கு வந்துருவேன் என்று சொல்லி ஏறினார். வரவில்லை. மாமா தேடிப் போனார், இடுப்பளவு புதுப்பனி எல்லாவற்றையும் மூடியிருந்தது. கூட்டத்தை அனுப்பிய ஏஜென்சிக்காரன், கூடாரத்தையும் சாமானையும் சுருட்டிக்கிட்டு ஆளு கம்பி நீட்டிட்டான் என்று சந்தையில் நின்று சொன்னான். அப்புறம் சபினா வந்தாள், சிம்போத்தேயில மீன் விக்கிறவளோட குடித்தனம் நடத்துறானாம், பார்த்தவங்க சொன்னாங்க என்றாள். பள்ளிக்கூடத்தில் உன்னைத் திருடன் மகள் என்று கூப்பிட்டார்கள். அந்த நவம்பரில், இறந்தவர்களுக்கு மேசையில் சாப்பாடு படைக்கிற நாளில், அப்பாவுக்கும் ஒரு தட்டு வைக்கட்டுமா என்று நான் கேட்டதற்கு நீ, செத்தவங்களுக்குத்தான் தட்டு, ஓடிப்போனவருக்கு எதுக்கும்மா என்றாய். நான் தட்டைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். அவர் ஓடிப்போனார் என்று நான் நம்பவும் இல்லை, இறந்துவிட்டார் என்று அழவும் இல்லை. நான் பெண்டாட்டியா விதவையா என்று எனக்கே தெரியாமல் இத்தனை வருடம் கடை திறந்து மூடினேன். நீயும் வளர்ந்து, அவர் பேரைக்கூடச் சொல்லாமல் கடல் தாண்டிப் போய்விட்டாய்.

அடுப்பு அவருடையது என்பதோடு முடிந்திருந்தால் நீ, எடுத்துக்கிட்டு ஓடுறப்ப பையைத் தவற விட்டிருப்பார் என்று சொல்வாய், எனக்குத் தெரியும், வாயில் உனக்கு நான்தான் குரு. ஆனால் நான் அதைத் திறந்து பார்த்தேன். தொட்டி காலி. எண்ணெய் முழுவதும் பாட்டிலில் ஊற்றி, மூடி முறுக்கியிருந்தது. தொட்டியின் திருகைத் தளர்த்தி, வாய்க்குள் துணி விட்டுத் துடைத்து, அந்தத் துணியையும் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் முடிந்திருந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும். ஒரு தடவை பக்கத்து ஊர் காராஸில் உனக்கு இனிப்பு ரொட்டி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார், அடுப்பு கசிந்து ரொட்டியெல்லாம் மண்ணெண்ணெய் வாசம், நீ ஒரு கடி கடித்துத் துப்பிவிட்டு நாளெல்லாம் அழுதாய். அன்றிலிருந்து மலை ஏறும்போது தொட்டியை நிரப்பிக்கொண்டு போவார், இன்னொரு முகாமுக்குப் போகும்போதும் நிரம்பியேதான் இருக்கும், வீட்டுக்கு இறங்குகிற அன்று மட்டும்தான் காலி செய்து துடைத்துக் கட்டுவார். மற்ற சமையல்காரர்கள், மக ரொட்டிக்காக அடுப்பைக் குளிப்பாட்டுறான் பாரு என்று கேலி செய்வார்கள்.

சிம்போத்தேக்கு ஓடுகிறவன் அந்தக் குளிரில், விரல் விறைக்க, அடுப்பைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான், கண்ணு. அவர் உன்னிடம்தான் வந்துகொண்டிருந்தார். வழியில் பனிப் பிளவு இருந்திருக்கிறது.

பம்புக்குள் இருக்கிற தோல் காய்ந்து சுருங்கியிருந்தது, என் பழைய செருப்பிலிருந்து வட்டமாக வெட்டி எண்ணெயில் ஊறவைத்துப் போட்டேன். இங்கே மண்ணெண்ணெய் விற்கத் தடை வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, அந்த வாசமே மறந்திருந்தது. அவர் ஊற்றி வைத்த எண்ணெயில் கொஞ்சம் விட்டு, முற்றத்தில் வைத்துப் பற்ற வைத்தேன். இரண்டு தடவை இருமிவிட்டு எரிந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அத்தனை வருடமும் சேர்த்து அழுதுவிட்டேன். மாமா மூலிகைத் தேநீர் போட்டார், இரண்டு பேரும் குடித்தோம். வேலி ஓரமாக வந்த சபினா எல்லாம் கேட்டுவிட்டு, நான் கேள்விப்பட்டதத்தானே சொன்னேன் என்றாள். வரைந்த புருவத்தோடு அவள் அழுததைப் பார்த்து எனக்குத் திட்டவும் வரவில்லை.

ஆளை இன்னும் காணவில்லை. மாமா சுற்றிச் சுற்றித் தேடிவிட்டார், மேலும் பனி உள்வாங்கினால் வெளியே வருவார் என்கிறார். எலும்பு கிடைக்கட்டும் கிடைக்காமல் போகட்டும், இந்த நவம்பரில் நான் தட்டு வைக்கப் போகிறேன். இனிப்பு ரொட்டி வாங்கி வைப்பேன். உன்னை வா என்று கட்டாயப்படுத்தவில்லை, கிழவியை விட்டு வர முடியாது என்றும் தெரியும். நீ நம்பினால் போதும்.

மாதா உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும், டாரியோவுக்கு என் முத்தம். ஒன்றே ஒன்று மறக்காதே. மலையிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிற அன்று, டப்பாவைக் கழற்றி, அடுப்பைத் துடைத்து, ரொட்டிக்குத் தள்ளி வேறு பையில் கட்டு. டாரியோ எதற்கு என்று கேட்பான். உன் தாத்தா மெலிதோன் எனக்காக இப்படித்தான் செய்வார் என்று அவன் காதில் சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா,
மெலிதோனின் விதவை எர்மெலிண்டா