மூங்கிலுக்கு நெயில் பாலிஷ்

இன்று காலை நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்ததும், அந்த வாசனையோடு நீயும் வந்து நின்றாய். நம் இருவருக்கும் நகத்தில் பூச என்றைக்கு நேரம் இருந்தது? இது மூங்கிலுக்கு.

நசரத்பேட்டையில் நம் ஃபிளாட்டுக்கு, எதிரெதிர் வீடுகளில், நாம் குடிவந்த புதிதில், நெடுஞ்சாலைப் புழுதி என் சமையலறை ஜன்னல் வழியாக வந்து தோசை மாவில்கூட விழும். திரைச்சீலை வாங்கலாம் என்றேன். நீயோ பூந்தமல்லியில் உன் அண்ணன் வீட்டிலிருந்து ஆள் உயர மூங்கில் கழியை பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்து இறங்கினாய். "இன்னாடி அப்டி பாக்குற? இது முள்ளு இல்லாத ஜாதி, குத்தாது."

இரண்டு கணு இருக்கிறமாதிரி துண்டு போட்டு, கணுக்களுக்கு நடுவே துளையிட்டுத் தண்ணீர் ஊற்றி, பின்சுவர் ஓரம் படுக்கவைத்துப் புதைத்தோம். நட்டுவைக்க வேண்டாமா என்று நான் கேட்டதற்கு, "படுத்து தூங்கினாதான் அப்பால எழுந்துக்கும்" என்றாய். எழுந்துகொண்டது.

அதற்குள் மூன்றாம் மாடி சார் வந்துவிட்டார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆயிற்றே. "பாடை கட்டுற மரத்தை யாராவது குடியிருக்கிற இடத்துல வைப்பாங்களா? வேர் ஓடி தண்ணித் தொட்டிய உடைச்சிடும்."

"இது ஓடுற ஜாதி இல்ல சார். ஒரே எடத்துல குந்திக்கினு குடும்பம் நடத்துறது. பந்தக்கால் மட்டும் இன்னா, பிளாஸ்டிக்லயா நடுறாங்க?"

அவர் முறைத்தார். ஆனால் அவர் மகளிடமே போய் அடிமண்டிய நெயில் பாலிஷ் பாட்டில்களை வாங்கி வந்தவள் நீ. ஒவ்வொரு மழைக்கும் வரும் புதுக் கழிகளுக்கு ஒரு நிறத்தில் கோடு. எது எந்த வயசு என்று தெரிய வேண்டுமாம். "புச்சுல கை வெக்காத. மூணு மழ பாத்தத மட்டும் வெட்டு, அதுவும் நடுவுல நிக்கிறத."

போன மாசியில் காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவில்லை. அந்தக் கோடையில் புதரும் இலை கொட்டி நின்றது. செத்துவிட்டது, வேரோடு எடுத்துவிடலாம் என்று சங்கத்தில் பேச்சு. எனக்கு வந்ததே கோபம்! உன்னை இரண்டாம் முறை தூக்கிக்கொண்டு போவதுபோல இருந்தது. "ஒரு மழை பொறுங்க. குருத்து வரலைன்னா நானே வெட்டுறேன்" என்று கத்திவிட்டு வந்தேன். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை விடாமல் ஊற்றினேன்.

ஆடியில் நல்ல மழை. குருத்தைக் காணோம். ஆவணியில் சார் மகளுக்குக் கல்யாணம். பெண்ணே இறங்கி வந்தாள். "ஆன்ட்டி, என்னோட ரோஸ் கலர் இன்னும் இருக்குமா? அதுதான் எனக்குப் பந்தக்கால்."

இருந்தது. புதரின் நடுவில், மங்கிப்போய், ஆனால் ரோஸ்தான். நீ சொன்னபடி கணுவுக்கு மேலே ஒட்ட அறுத்தேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த சார் திடீரென்று அலறினார். "கால வைக்காதீங்க! யாரும் கிட்ட வராதீங்க!"

அவர் செருப்புக்குப் பக்கத்தில், சருகை முட்டிக்கொண்டு ஒரு குருத்து. பந்தக்காலை என் கையில் விட்டுவிட்டு ஓடிப்போய், கல்யாணத்துக்கு வந்திறங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துவந்து அதைச் சுற்றி வேலி கட்டினார். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, பந்தக்காலை வாசலில் நட்டபோது நான் அழுதேன். பெண்ணின் அம்மாவைவிட அதிகமாக.

புகுந்த வீடு போகும்போது அவள் தன் சிவப்பு பாட்டிலை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். அதைத்தான் இன்று திறந்தேன். குருத்து உறை உதிர்த்து, என் தலைக்கு மேல் போய்விட்டது. கோடு உன்னுடையதுபோல நேராக வரவில்லை.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சார் கேட்டார்: "இந்த வருஷம் சிவப்பா? அடுத்த வருஷத்துக்கு என்ன கலர் வாங்கட்டும்?"

நீ இருந்திருந்தால் அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டாய். நான் உனக்குப் பிடித்த பச்சையைச் சொன்னேன்.