கொழும்பு வாசகர்கள்

ஆவணி, செவ்வாய்க்கிழமை.

எங்கள் ஊரான அளவெட்டியைப் பற்றி நான் எழுதிவரும் இணையத்தளத்தை மூடப்போவதாக இன்று மனைவியிடம் சொன்னேன். வருபவர்கள் எந்த ஊர் என்று காட்டும் பக்கத்தில் எப்போதும் கொழும்பு மட்டுமே இருக்கிறது. ஊரில் என்னோடு படித்தவர்கள்கூட எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கோபத்தில் கோயிலடியில் நான் எவரோடும் கதைப்பதில்லை.

அவள் அடுப்படியில் நின்றபடியே தன் கைபேசியில் தளத்தைத் திறந்தாள்.

“இப்ப பாருங்கோ.”

என் திரையில் கொழும்பில் ஒருவர் கூடினார்.

“நான் என்ன கொழும்பிலையே நிக்கிறன்? இஞ்சை ஆர் பார்த்தாலும் உப்பிடித்தான் காட்டும்போலை. நான் ஒவ்வொரு நாளும் வாசிக்கிறனான்.”

“ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் கேட்டனீங்களே?”

தளத்தை மூடவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவேண்டும். இனி எவனைக் கண்டு முகத்தைத் திருப்புவது? எவன் வாசிக்கிறானோ.