இன்டெல் என்று சொன்னது யார்

ஜூன் 3, செவ்வாய்
செய்திக்காகப் பெரியநாயக்கன்பாளையம் போய் வந்தேன். மாசாணியம்மாளின் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. பக்கத்தில் முலாம் பூசும் பட்டறைதான் காரணம் என்கிறார். குரல் யார் கைக்கும் போகக் கூடாது என்றார். வாக்குக் கொடுத்துப் பதிவு செய்தேன்.
வீட்டில் போட்டுக் கேட்டால் பாதி விளங்கவில்லை. வலது காது போய்விட்டது, இடதும் மங்குகிறது. செய்தி ஆசிரியர் ஹாரிகாவுக்குத் தெரிந்தால் வெளிவேலை அத்தோடு சரி.

ஜூன் 4
பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் ஒன்று. இணையத்துக்கு எதையும் அனுப்பாமல் கணினிக்குள்ளேயே ஓடுமாம். மகள் அனுப்பிய புது லேப்டாப்பில் போடலாம். ஆனால் அந்தப் பக்கத்தில் இரண்டு வகை: உள்ளே இன்டெல் ப்ராசஸர் இருந்தால் ஒன்று, ஏஆர்எம் ப்ராசஸர் இருந்தால் இன்னொன்று. எதையும் இரண்டு பேரிடம் உறுதி செய்வது என் பழக்கம். புகைப்படக்காரர் சென்னகேசவன், காந்திபுரம் கம்ப்யூட்டர் கடைக்காரர் — இருவரும் இன்டெல் என்றார்கள். போட்டேன். திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது.

ஜூன் 5
அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அதே கதை.

ஜூன் 6
ஹாரிகா: "நாளைக்காச்சும் கிணத்துச் செய்தியைத் தந்துருவீங்களா சார்?" தந்துவிடுகிறேன் என்றேன். எதை வைத்து? ஞாபகத்திலிருந்து எழுதிவிடலாமா — சே.
லேப்டாப்பையே காந்திபுரத்துக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரர் திறந்து பார்த்துச் சிரித்தார். "ஏனுங்க, இது ஏஆர்எம்முங்க. அன்னிக்கு வந்தப்ப நீங்கதானுங்க 'இன்டெல்தானே?'ன்னு கேட்டீங்க. நானும் ஆமாங்கன்னு சொல்லிப்போட்டேன்."
சென்னகேசவனிடமும் அப்படித்தான் கேட்டிருப்பேன். பழைய லேப்டாப் இன்டெல். புதியதும் அதுவே என்று எனக்கு யார் சொன்னது? என் பதிலை நானே கேள்விக்குள் வைத்து நீட்டியிருக்கிறேன். செட்டிங்ஸில் எழுதியே இருக்கிறது. இயந்திரத்தைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் என்ன செய்தி சேகரித்தேன்?

ஜூன் 7, சனி
சரியானதைப் போட்டதும் ஓடியது. தப்பும் தவறுமாக வரி வரியாக வந்தது. எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் காது பிடித்துக்கொள்கிறது.
நடுவில் மாசாணியம்மாள் தன் மகளிடம் சொல்கிறார்: "அவருக்குக் காது கேக்கறதில்லையாட்ட இருக்குது. நீ ஒண்ணும் கேட்டுப்போடாத அம்மணி, சங்கடப்படுவாரு. நான் சத்தமாச் சொல்லிக்கறேன்."
நேரில் இருந்தும் எனக்கு இது கேட்கவில்லை. என் குறிப்பில் 'ஆத்திரத்தில் கத்தினார்' என்று எழுதி வைத்திருக்கிறேன். செய்தியின் முதல் வரியாக அதைத்தான் நினைத்திருந்தேன்.
அந்த வரியை அடித்துவிட்டு, மீதியை எழுதி அனுப்பினேன்.

ஜூன் 9, திங்கள்
காது விஷயத்தை ஹாரிகாவிடம் நானே சொல்லிவிட்டேன். அவர், "டெஸ்ட் பண்ணிட்டு வாங்க சார். அது வரைக்கும் ஆபீஸ்ல டெஸ்க் வேலை பாருங்க."
மாலை பீளமேட்டில் காது டாக்டர். நான் இடது காதைத் திருப்பிக் கேட்பதைப் பார்த்தார். "எந்தக் காதுங்க மோசம்? வலதுதானுங்களே?"
ஆமாம் என்று வாய் வரை வந்தது.
"நீங்களே பார்த்துச் சொல்லுங்க டாக்டர்" என்றேன்.